வாசகர் கேள்வி – பதில்: வெயில் குடித்த லிக்கர் அம்மோனியா

பள்ளிகள் திறந்த பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சொல்லிவைத்தாற்போல, ஒரே குப்பியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் லிக்கர் அம்மோனியாவுக்கே ஒதுக்கிவிட்டேன். வாழைக்கு அடிக்கும் பூச்சிமருந்து பற்றிக் கேட்டிருக்கும் களக்காடு வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

ஐயா, நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். செய்முறைத் தேர்வு முடிந்து மீந்த இரண்டரை லிட்டர் லிக்கர் அம்மோனியாக் குப்பியைத் திறக்காமலே இருப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தோம். ஜூன் மாதம் மூடியைத் திருகியபோது, கோலி சோடாவை உடைத்தாற்போலச் சீறிப் பொங்கிக் கையில் வழிந்தது. குப்பி கெட்டுவிட்டதா? இனி எப்படித் திறப்பது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

கெட்டுப்போகவில்லை, அதன் குணமே அதுதான். லிக்கர் அம்மோனியாவை ஒரு திரவம் என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் தொல்லை தொடங்குகிறது. அது தண்ணீரில் தற்காலிகமாகக் குடியிருக்கும் ஒரு வாயு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா வாயுவைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் அதைக் குப்பியில் அடைத்து விற்க முடிகிறது. சூடு ஏற ஏற அந்த வாயு வெளியேற வழி தேடும். லேபிளில் 25 சதவீதம் என்று அச்சிட்ட கரைசலின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் 38 டிகிரியை ஒட்டி அது வளிமண்டல அழுத்தத்தையே எட்டிவிடுகிறது. அதாவது அக்கரைசலின் கொதிநிலையே அவ்வளவுதான். 35 சதவீதக் கரைசலுக்கு அவ்வளவு சூடுகூடத் தேவையில்லை.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மேற்குப் பார்த்த சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் உள்ள பூட்டிய அறைக்குள் நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும். இந்தக் குப்பிகளில் எழுதப்பட்டிருக்கும் எச்சரிக்கைகள் குளிர்ந்த ஊர் ஆய்வகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற அந்த ஒற்றை வரி அங்கே அறிவுரை, இங்கே அதுதான் முழுப் பாடமும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதி நேர்ந்தது. மூடியின் மேல் குனிந்து நின்றுகொண்டு, கை வழுக்குகிறதே என்று வேகமாக ஒரு திருகு திருகினேன். சீறி வந்த ஆவியில் மூச்சு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இழுக்கவும் முடியவில்லை, இரும முடியவும் இல்லை. குப்பியைக் கீழே போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடியது இன்றும் நினைவிருக்கிறது. அன்று நான் செய்த தவறுகள் மூன்று: குப்பி சூடாக இருந்தது, முகம் அதற்கு நேரே இருந்தது, மூடியை ஒரே மூச்சில் திறந்தேன்.

ஆகவே வெயில் காலத்தில் குப்பியைத் திறக்க வேண்டுமென்றால் முந்தைய நாளே அதற்குத் தயாராகுங்கள். மூடிய குப்பியை முதலில் சாதாரணத் தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அதன் பிறகே பனிக்கட்டியைப் போடுங்கள். சூடாக இருக்கும் கண்ணாடியை நேரே பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கினால் விரிசல் விடக்கூடும். பனிக்கட்டி கிடைக்காத ஊரானால், ஈரச்சாக்கைச் சுற்றி இரவு முழுவதும் காற்றோட்டத்தில் வைத்து விடியற்காலையில் திறக்கலாம். மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே காய்ந்த காற்று இதற்கும் உதவும். திறக்கும் இடத்தில் ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இருந்தால் நல்லது. இல்லையென்றால் சன்னலை ஒட்டி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வெளியே போகும்படி நில்லுங்கள். கண்ணை நாற்புறமும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கையுறை நைட்ரைலாகவோ நியோப்ரீனாகவோ இருக்கட்டும். மூடியின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, கால் திருகு மட்டும் திருகி நிறுத்துங்கள். உள்ளிருந்து வரும் சீறல் அடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அடுத்த கால் திருகு. இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்தான்.

திறந்த குப்பியை மறுபடி மறுபடி திறக்கும் தேவையையே இல்லாமல் செய்துவிடுவது இன்னும் உத்தமம். 25 சதவீத லிக்கர் அம்மோனியாவின் செறிவு ஏறத்தாழ 13 மோலார். அதில் 150 மில்லிலிட்டரை எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் மெல்ல ஊற்றி, ஒரு லிட்டராக ஆக்கினால் 2 மோலார் கரைசல் கிடைத்துவிடும். மாணவர் மேசைக்கு அதுவே போதும். அடர் கரைசல் மாணவர் மேசைக்கு வரவே வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதோடு, வாங்குவதைக் கார்த்திகை, மார்கழிக்கு மாற்றுங்கள். தேவைக்கு அரை லிட்டர் குப்பியாக வாங்குங்கள். இரண்டரை லிட்டர் குப்பி விலையில் சகாயம் என்பார்கள். கோடை விடுமுறை முழுவதும் அதைக் கட்டிக் காக்கும் பாட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் ஆய்வக அலமாரியில் எல்லாக் குப்பிகளின் மேலும் அரிசி மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. துடைத்தால் ஒரு வாரத்தில் மீண்டும் வருகிறது. பித்தளைப் பூட்டும் நீலப் பச்சையாகப் பூத்துவிட்டது. ஈரக்கசிவா?
– ஆசிரியர், வள்ளியூர்

ஈரம் அன்று. உங்கள் அலமாரியில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் லிக்கர் அம்மோனியாவும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகின்றன. இரண்டு குப்பிகளின் மூடி வழியாகவும் கசியும் ஆவிகள் காற்றில் கலந்து அம்மோனியம் குளோரைடு ஆகி, நுண்ணிய வெண்தூளாகப் படிகின்றன. அந்தத் தூளைவிட அது சொல்லும் சேதிதான் முக்கியம்: இரண்டு மூடிகளும் சரியாக இல்லை.

அமிலங்களைத் தனி அலமாரிக்கு மாற்றுங்கள். அம்மோனியாவை அடித்தட்டில், கண் மட்டத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். அயோடின், பிளீச்சிங் பவுடர், வெள்ளி மற்றும் பாதரச உப்புகள் ஆகியவையும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. அயோடினோடு சேர்ந்தால் உண்டாகும் பொருள் காய்ந்தபின் இறகு பட்டாலே வெடிக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு ஆவி எழும். கண்ணாடி அடைப்பானும் வேண்டாம். காரம் பட்ட கண்ணாடி அடைப்பான் நாளடைவில் கழுத்தோடு இறுகி, திறக்க முயலும்போது உடையும்.

பூட்டு விஷயத்தில் சுவையான பழைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களை ஒட்டி அவற்றைச் சேமித்து வைத்ததும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா பித்தளையைத் தின்றதுமே காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அம்மோனியா செம்போடு சேர்ந்து நீல நிறச் சேர்மமாகும். உங்கள் பூட்டில் பூத்திருப்பதும் அந்த உறவின் விளைவுதான். அடுத்த பூட்டை எஃகில் வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, அந்த அறையில் செம்பு, பித்தளைக் குழாயோ கேஸ் இணைப்போ இருந்தால் ஒருமுறை ஆளை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

முதன்முறையாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை எடுக்கிறேன். ஆல்டிஹைடைக் கண்டறியும் சோதனைக்கான டாலன்ஸ் காரணியை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தயாரிப்பதற்குப் பதிலாக, ஒரே தடவையில் தயாரித்துப் பழுப்புக் குப்பியில் ஊற்றி ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா? சில்வர் நைட்ரேட் விலை மலைபோல் ஏறியிருக்கிறது.
– ஆசிரியை, பாளையங்கோட்டை

கூடாது. இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை முழுவதும் படியுங்கள்.

சில்வர் நைட்ரேட்டைப் பழுப்புக் குப்பியில் மாதக்கணக்கில் வைக்கலாம்; வெளிச்சம் மட்டுமே அதற்கு எதிரி. அதில் அம்மோனியா சேர்ந்து டாலன்ஸ் காரணி ஆகிவிட்டால் கதை வேறு. அந்தக் கரைசல் இருந்து பழக, குறிப்பாகச் சூட்டில், கறுப்பான வெள்ளி நைட்ரைடு மெல்லப் படியும். அது தொட்டால் வெடிக்கும், அசைத்தால் வெடிக்கும். ஈரமாக இருக்கும்போதே வெடித்ததும் உண்டு. பெர்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1788இலேயே வெள்ளி ஆக்சைடையும் அம்மோனியாவையும் சேர்த்து இந்த வெடிபொருளை உண்டாக்கிப் பதிவு செய்துவிட்டார். சோதனைக்குப் பெயர் கொடுத்த பெர்ன்ஹார்டு டாலன்ஸ் பிறந்ததே 1841இல்தான். அதாவது சோதனை வருவதற்கு முன்பே ஆபத்து தெரிந்திருந்தது. பழுப்புக் குப்பி வெளிச்சத்தைத்தான் தடுக்கும், இதைத் தடுக்காது.

எனவே வகுப்பு தொடங்கும் நேரத்தில், அந்த வகுப்புக்குத் தேவையான சில மில்லிலிட்டர் மட்டும் தயாரியுங்கள். சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் பழுப்பு வீழ்படிவு வரும். நீர்த்த அம்மோனியாவை அதில் துளித்துளியாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்து, வீழ்படிவு கரைந்தும் கரையாத நிலையில் நிறுத்திவிடுங்கள். மாணவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். 'சார், இன்னும் கொஞ்சம்' என்று டிராப்பரை ஒரு அழுத்து அழுத்தினால் அம்மோனியா மிகுந்து, குழாயின் உட்சுவரில் கண்ணாடிபோல் படிய வேண்டிய வெள்ளி ஆடி படியாமலே போகும். பிறகு காரணி கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னும் ஒருமுறை சில்வர் நைட்ரேட்டைக் கொட்டுவார்கள். விலையில் கைப்பிடிக்க வேண்டிய இடம் இதுதான். சோதனைக் குழாயைச் சுடரில் காட்டாமல், 60 டிகிரியளவு சூடான தண்ணீர் உள்ள பீக்கரில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் போதும். எக்காரணம் கொண்டும் குழாயில் உள்ளது வற்றிப்போகக் கூடாது.

வகுப்பு மணி அடிப்பதற்குள் எல்லாக் குழாய்களிலும் மீந்த காரணியிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடுங்கள். வெள்ளி, தயிர்போன்ற வெள்ளைச் சில்வர் குளோரைடாக வீழ்ந்துவிடும், அது வெடிக்காது. அதை வடிகட்டி ஒரு குப்பியில் ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்தால் வெள்ளியை மீட்டெடுக்கவும் முடியும். சுவரில் படிந்த ஆடியை, இவ்வாறு அமிலம் ஊற்றிக் கழுவிய பின்னரே, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நீக்க வேண்டும். 'நாளைக் காலையில் கழுவிக்கொள்ளலாம்' என்று தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் குழாய்கள்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். பழைய டாலன்ஸ் குப்பி எதையாவது அலமாரியின் மூலையில் கண்டுபிடித்தால், திறக்கவும் வேண்டாம், குலுக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம்; அறையைப் பூட்டிவிட்டுத் தலைமை ஆசிரியர் வழியாகத் தீயணைப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.

என் மகளின் கண்ணில் ஆய்வகத்தில் அம்மோனியாத் துளி தெறித்தது. அமிலமாக இருப்பதைவிடக் காரம் பரவாயில்லை என்றும், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் கழுவினால் முறிந்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். நல்லவேளையாகக் குழாய்த் தண்ணீரால் கழுவினோம், இப்போது நலம். எது சரி?
– ஒரு தந்தை, மேலப்பாளையம்

தாங்கள் செய்ததே சரி. சொன்னவர்கள் இரண்டிலும் தவறினார்கள். கண்ணைப் பொறுத்தவரை அமிலத்தைவிடக் காரமே கொடியது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிவிடுகிறது. காரமோ கொழுப்பைச் சோப்பாக்கி, வழி பண்ணிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். அம்மோனியா பட்ட விரல் நுனிகள் வழுவழுவென்று ஆவது அதனால்தான். அங்கே சோப்பாவது நம் தோல். கருவிழியை ஊடுருவிச் செல்வதில் அம்மோனியா மிக விரைவானது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும். தவிர, அவற்றைத் தேடி ஓடும் நேரம்தான் பார்வையைத் தின்னும் நேரம். அடுத்த நொடியே அருகிலுள்ள குழாய்க்குக் கொண்டுபோய், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மெல்லிய ஒழுக்கில் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கழுவ வேண்டும். பிள்ளை வலியில் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் இமையைப் பிடிக்க வேண்டியிருக்கும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு, நோவு குறைந்துவிட்டாலும், கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். காரத்தின் சேதம் பிந்தியும் வெளிப்படும். தங்கள் மகளையும் இதுவரை காட்டவில்லையென்றால் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

அம்மோனியா வாடை முதலில் தாங்க முடியாமல் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. பழகியபின் ஆபத்து இல்லைதானே?
– மாணவர், சங்கரன்கோவில்

பழகியது உங்கள் மூக்கு, நுரையீரல் பழகவில்லை. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு என்பதே எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு; 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. வாடை குறைந்ததுபோல் தோன்றும்போது, வெளியே போய்ப் பத்து நிமிடம் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து மீண்டும் முகர்ந்து பாருங்கள், உண்மை தெரியும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மோனியா கசிந்தால் தண்ணீர் அடிக்க வேண்டும் என்கிறார்கள். ஆய்வக அம்மோனியாவும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், தூத்துக்குடி

வாயு ஒன்றுதான், நிலை வேறு. உங்கள் குழாய்களில் ஓடுவது தண்ணீர் கலவாத அம்மோனியா; அது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைபனிப் புண்ணும் காரப் புண்ணும் ஒருங்கே வரும். உடை தோலோடு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகே கழற்ற வேண்டும்.

தண்ணீர் அடிப்பது பற்றிச் சொன்னது பாதி சரி. காற்றில் பரவும் ஆவியின்மேல் தண்ணீரைத் தூவலாகப் பாய்ச்சினால் அது ஆவியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். ஆனால் தரையில் தேங்கி நிற்கும் திரவ அம்மோனியாவின்மேல் தண்ணீர் விழுந்தால், அந்தச் சூட்டில் அது இன்னும் வேகமாகக் கொதித்துப் புகையாக எழும். இதைத் தீயணைப்பு வீரர்களுக்கு விட்டுவிட்டு, காற்று வரும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே விலகிப் பிறகு காற்றுக்கு எதிராகப் போங்கள். அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று படித்திருப்பீர்கள். அது உண்மையே, ஆனால் குளிர்ந்து மூடுபனிபோல் வெளிவரும் கசிவு தரையை ஒட்டியே தவழும். ஓடும்போது நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்வது, அம்மோனியா தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால், தப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு உதவும். உள்ளே திரும்பிப் போய் வால்வை மூட உதவாது. கசிவில் மூச்சுத் திணறியவர் சற்றுத் தேறி எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நிகழும்.

பழைய லிக்கர் அம்மோனியா அரைக் குப்பி கிடக்கிறது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் பாளையங்கால்வாயில் ஊற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பெயரை வெளியிட விரும்பாததிலிருந்தே பதில் தங்களுக்குத் தெரியும் என்று கருதுகிறேன். லேபிளில் செத்த மீனும் பட்ட மரமும் வரைந்த ஒரு படம் இருக்கும், பாருங்கள். கரைந்த அம்மோனியா மிகக் குறைந்த அளவிலேயே மீனின் செவுளைக் கெடுத்துக் கொல்லும்.

பழைய அம்மோனியா கழிவு அன்று; வீரியம் குறைந்த சரக்கு, அவ்வளவே. தெரிந்த செறிவுள்ள அமிலத்தோடு தரம்பார்த்து (டைட்ரேஷன் செய்து), இப்போதைய செறிவைக் கண்டு, நீர்த்த கரைசலாக்கி வகுப்புக்குப் பயன்படுத்திவிடலாம். உண்மையாகவே பயன்படாத சிறிதளவு இருந்தால், பத்து மடங்கு குளிர்ந்த தண்ணீரில் மெல்லக் கலந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டு, லிட்மஸ் தாளில் நடுநிலை காட்டிய பிறகு ஆய்வகத் தொட்டியில் நிறையத் தண்ணீரோடு விடலாம். அடர் அமிலத்தை நேரே குப்பிக்குள் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். காலிக் குப்பியை மூன்று முறை அலசி, லேபிளைக் கிழித்து, மூடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். பினாயில் ஊற்றிவைக்க நல்ல குப்பியாக இருக்கிறதே என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.